ராகுவுக்கு விட்டுக்குடுத்த காத்து

நான் ஒரு காலத்திலை கொமொடோராய் இருந்தனான். சிரிக்காதேங்கோ. கடற்படைக்கு இல்லை; அரியாலைக் கரையிலை ஒரு அஸ்பெஸ்டாஸ் கொட்டிலும் மூண்டு பாய்ப்படகும் ஒரு கொடிக்கம்பமும் வைச்சிருந்த யொட் கிளப்புக்கு. யொட் எண்டவுடனை படத்திலை வாற பெரிய வெள்ளைப் படகை நினைக்கக் கூடாது. எங்கடை படகிலை ரெண்டு பேர் முழங்காலை மடிச்சுக்கொண்டு இருக்கலாம். மூண்டாவது ஆள் ஏறினால் முதலாவது ஆள் தண்ணிக்கை. அந்தக் கடலும் சமுத்திரம் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்திலை கடல்நீரேரி எண்டு கிடக்கும். நடுக்கடலிலை படகு பிரண்டாலும் எழும்பி நிண்டால் தண்ணி இடுப்பு மட்டும்தான். நீந்தவே தெரியாத நான் கொமொடோர் ஆகக் கூடியதாய் இருந்தது அதாலைதான்.

எங்கடையது மானிப்பாயிலை வெங்காயம் செய்யிற குடும்பம். தீர்த்தத் திருவிழாவுக்கு முழுகப் போனதைத் தவிர என்ரை பரம்பரையிலை ஒருத்தரும் கடலைக் கண்டதில்லை. நான் டவுனிலை ஒரு கந்தோரிலை கிளாக்கர். எங்கடை சீவ் கிளாக்கர் அந்தக் கிளப்பிலை மெம்பர். ஞாயிற்றுக்கிழமையிலை வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு போவார். எனக்கு அந்தக் காற்சட்டையிலை ஒரு கண். சேர்ந்திட்டன். கலியாணப் புரோக்கர் அதைச் சும்மா விடுவாரே? 'யொட் கிளப் மெம்பர்' எண்டு சாதகத்தோடை சேர்த்து மண்டைதீவுக்குக் கொண்டுபோனார். அங்கை பொம்பிளை வீட்டிலை, அதுதான் மாமி வீட்டிலை, மாப்பிள்ளைக்குச் சொந்தமாய்க் கப்பல் ஓடுதாம் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டினம். கலியாணம் முடிஞ்ச முதல் ஞாயிறு மனுசியைக் கூட்டிக்கொண்டு போய்ப் படகைக் காட்டினன். அவ அதை ஒருக்கால் சுத்தி நடந்து பாத்திட்டு, "இஞ்சேருங்கோ, மற்றப் பாதி எங்கை?" எண்டு கேட்டா. அண்டையிலை இருந்து அந்த வீட்டிலை எனக்கு 'கப்பல்காரர்' எண்டு பேர்.

கிளப்பைத் தொடங்கினது வெள்ளைக்காரர். அரசாங்கக் கச்சேரியிலையும் கோட்டிலையும் பெரிய கதிரையிலை இருந்தவை வெக்கை தாங்கேலாமல் பின்னேரங்களிலை படகு விட்டவையாம். அவையின்ரை போட்டோ ஒண்டு கொட்டில் சுவரிலை தொங்கினது. எல்லாருக்கும் மீசை, ஒருத்தருக்கும் சிரிப்பில்லை. அவை கப்பலேறின பிறகு எங்கடை பெறக்கிராசி வக்கீல்மாரும் டொக்டர்மாரும் பொறுப்பெடுத்தவை. வெள்ளைக்காரன் வைச்ச சட்டம் ஒண்டையும் அவை மாத்தேல்லை. கொமொடோர் வரேக்கை எழும்பி நிக்கவேணும், கொடியை இறக்கேக்கை தொப்பியைக் கழட்டவேணும், எல்லாம் அப்பிடியே. தொப்பி இல்லாதவை தலையைத் தடவிவிட்டவை.

புதுசாய்ச் சேர்த்தது ஒரேயொரு சட்டம். அதைத்தான் சொல்ல வந்தனான். ஒரு ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணி போலை ஒரு பெறக்கிராசியின்ரை படகு பிரண்டு அவருக்குக் கை முறிஞ்சுபோச்சாம். பிரண்டதிலை முறியேல்லை, எழும்பிக் கரைக்கு நடந்து வந்து, பாசியிலை சறுக்கி விழுந்ததிலைதான் முறிஞ்சது. எண்டாலும் ஞாயிற்றுக்கிழமை நாலரையிலை இருந்து ஆறு மட்டும் ராகு காலம் எண்டு பஞ்சாங்கத்திலை கிடக்கே! உடனை பொதுக்கூட்டம். கட்டுப்போட்ட கையோடை பெறக்கிராசி பிரேரிக்க, லண்டனிலை படிச்ச டொக்டர் ஆமோதிக்க, ஏகமனதாய் நிறைவேறிச்சுது: ஞாயிற்றுக்கிழமையிலை நாலரைக்கு முதல் எல்லாப் படகும் கரையிலை நிக்கவேணும்.

அதாலை எங்கடை போட்டியெல்லாம் ரெண்டு மணிக்குத்தான் தொடங்கும். அணியத்திலை சந்தனப் பொட்டு வைச்சு, தேங்காய் உடைச்சு, விசில் அடிப்பம். படகு அசையாது. ரெண்டு மணி வெயிலிலை அந்தக் கடலிலை காத்து ஏது? சோளகக் காத்து பின்னேரம் நாலரைக்குத்தான் சோம்பல் முறிச்சு எழும்பும். ஓட்டப்போட்டி எண்டு பேர்தானே ஒழிய, ஆர் களவாய் ஒரு காலைத் தண்ணிக்கை விட்டுத் தள்ளுறது எண்டதுதான் போட்டி. நான் அதிலையும் கடைசி. நாலரைக்குப் பாயைச் சுருட்டிப்போட்டுக் கொட்டிலுக்கை இருந்து பிளேன்ரீ குடிக்கேக்கை கொடி படபடவெண்டு அடிக்கும், கூரை அஸ்பெஸ்டாஸ் கிடந்து ஆடும். "அடடா, என்ன காத்து! இவ்வளவு காத்துள்ள இடத்திலை கிளப்பைக் கட்டினவன் கெட்டிக்காரன்" எண்டு கதைப்பம். அந்தக் காத்திலை ஒருக்கால் படகை விட்டுப் பாப்பம் எண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை. எனக்கும்தான் தோன்றேல்லை, என்ரை மூளை மற்றவையின்ரையை விடக் கொஞ்சம் மெதுவு.

எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு மெம்பர்மார் ஒவ்வொருத்தராய் லண்டனுக்கும் கனடாவுக்கும் வெளிக்கிட்டினம். ஒவ்வொரு வருசக் கூட்டத்திலையும் ஒரு கொமொடோரை வழியனுப்பி வைச்சம். சீவ் கிளாக்கரும் மகளிட்டைப் போனார். கடைசியிலை மிஞ்சினது நானும், காது மந்தமான ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருத்தரும். செக்ரெட்டரியும் பொருளாளரும் அவர். கொமொடோர் நான். வெள்ளைக் காற்சட்டை அந்த நேரம் இடுப்பிலை பூட்டுப்படாது.

இனி மச்சாளின்ரை கதை. மனுசியின்ரை தங்கச்சி அவ. எங்கடை வீட்டிலை நிண்டு டவுனிலை ரியூசனுக்குப் போய் ஏ லெவல் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தா. மூண்டாம் ஷை. முதல் ரெண்டு தரமும் மயிரிழையிலை பல்கலைக்கழகம் தவறிப்போச்சு. மூண்டாம் தரமும் தவறினால் பிறகு கம்பஸ் வாசலை மிதிக்கேலாது. மாமா செத்த பிறகு மாமி தோட்டம் கொத்திப் படிப்பிச்ச பிள்ளை. ஊரிலை எல்லாற்றை கண்ணும் அவவிலை. அந்தச் சோதினை எங்கள் எல்லாருக்கும் உயிர்.

வருசத்தைச் சரியாய்ச் சொன்னால் மனுசி பிழை பிடிப்பா. இந்தியன் ஆமி வர முதல் எண்டு மட்டும் சொல்லுறன். சோளகம் வீசுற காலம். சோதினைக்கு முதல் வெள்ளிக்கிழமை, ஊர்ப் பிள்ளையாருக்கு அருச்சனை செய்து அம்மான்ரை கையாலை திருநீறு பூசிக்கொண்டு வாறன் எண்டு மச்சாள் மண்டைதீவுக்குப் போனா. சனிக்கிழமை, ஆமி நிக்கிற கோட்டைப் பக்கம் வெடிச் சத்தம். தீவுக்குப் போற பண்ணைப் பாதை கோட்டைக்கு முன்னாலைதானே போகுது. அது அப்பிடியே பூட்டுப்பட்டுப் போச்சு. திங்கள் காலமை சோதினை. பிள்ளை அங்காலை, சோதினை இஞ்சாலை.

ஞாயிறு விடிய நான் சைக்கிளை உழக்கிக்கொண்டு அரியாலைக்குப் போனன். வள்ளத்து மெசின் சத்தம் கேட்டால் ஆமி சுடுறாங்கள் எண்டு மீன்பிடிக்காரர் ஒருத்தரும் கடலிலை இறங்கேல்லை. கெஞ்சிப் பாத்தன். ஒருத்தர் பீடியை எடுத்துப்போட்டுச் சொன்னார்: "அண்ணை, உங்கடை பாய்ப்படகிலை போங்கோவன். உங்களை ஒருத்தனும் சுடான். உங்களைப் பாத்தால் சுடுறவனுக்கும் சிரிப்புத்தான் வரும்." சுத்தி நிண்டவை எல்லாரும் சிரிச்சினம். எனக்குக் கோவம் வந்தது. ஆனால் யோசிச்சுப் பாக்க மனுசன் சொன்னதிலை நியாயம் இருந்தது.

ரெண்டு மணிக்குப் படகை இறக்கினன். தபாலதிபர் கரையிலை நிண்டு விசில் அடிச்சார், வழமைதானே. வழமை போலைக் காத்தும் இல்லை. கொஞ்ச நேரம் பாயைப் பாத்துக்கொண்டிருந்திட்டு, கொமொடோர் எண்ட மரியாதையை மடிச்சு வைச்சுப்போட்டு இறங்கினன். சாரத்தைச் சண்டிக்கட்டுக் கட்டி, கயித்தைத் தோளிலை போட்டு, மாட்டை இழுக்கிற மாதிரி அந்தப் படகை மண்டைதீவு மட்டும் இழுத்துக்கொண்டு போனன். தூரத்திலை கோட்டை தெரிஞ்சுது. நான் குனிஞ்சபடி இழுத்தன். தூரக்கண்ணாடியாலை பாத்தவன் ஆரும் இருந்தால் இது என்ன சாமான் எண்டு விளங்காமலே விட்டிருப்பான்.

கரை தட்டேக்கை நாலு மணி தாண்டியிட்டுது. மச்சாள் புத்தகப் பையோடை ஓடி வந்தா. பின்னாலை மாமி. என்னைப் பாத்து மாமியின்ரை கண் கலங்கினது; பிறகு வெயிலைப் பாத்தா, முகம் மாறிச்சுது.

"தம்பி, இப்ப வெளிக்கிட்டால் ராகு காலத்திலை எல்லோ கடல் தாண்டவேணும்? ஆறு மணி கழியட்டும்."

"மாமி, ஆறுக்குப் பிறகு இருட்டிப்போம். இருட்டிலை கடலிலை ஆளைக் கண்டால் கேள்வி கேளாமல் சுடுவாங்கள்."

"ரெண்டு தரம் தவறின பிள்ளை, தம்பி. மூண்டாம் தரமும் நேரம் பாக்காமல் அனுப்பச் சொல்லுறியளே?"

படகைத் தள்ளப் போன கையை எடுத்தன். அந்தச் சட்டத்தைக் காப்பாத்துற கிளப்பின்ரை தலைவன் எல்லே நான்! மச்சாள்தான் படகுக்கை பையைப் போட்டிட்டு ஏறி இருந்தா. "அம்மா, ராகுவே என்ரை பேப்பர் திருத்திறார்? அத்தான், தள்ளுங்கோ" எண்டா. மாமி அழுதுகொண்டு அவவின்ரை நெத்தியிலையும், பிறகு என்ரை நெத்தியிலையும் திருநீறைப் பூசினா. எனக்குக் கொஞ்சம் கூடவாய்ப் பூசினா.

பாயை விரிச்சன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தைக் காத்துச் செய்தது. ஐயோ, அந்தக் காத்து! முதுகுப் பக்கமாய் வந்து ஒரு தள்ளு. பாய் 'டப்' எண்டு விரிய, அடியிலை கிடக்கிற குறுக்குத் தடி சுத்தி வந்து என்ரை மண்டையிலை ஒரு போடு போட்டுது. மச்சாள் குனிஞ்சு தப்பியிட்டா, படிச்ச பிள்ளை. படகு தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு பறந்தது. இத்தனை வருசமாய் நாங்கள் ராகுவுக்கு விட்டுக்குடுத்த காத்து இதுதான் எண்டு அப்பதான் எனக்கு உறைச்சுது. பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு கும்பிட்டு அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறம், மடையர்!

"அத்தான், கரை வருது. நிப்பாட்டுங்கோ!"

நிப்பாட்டுறதோ? எங்கடை கிளப்பிலை படகு ஓடினால்தானே நிப்பாட்டப் பழக. கரைக்குக் கிட்ட ஒருத்தர் சிறகுவலை கட்டியிருந்தார். தடி நட்டு வேலி மாதிரிக் கடலுக்கை கட்டி இறால் பிடிக்கிற வலை. அதுக்கை நேராய்ப் போய்ப் படகு, பாய், நான், மச்சாள், ரசாயனவியல் எல்லாம் ஒண்டாய் விழுந்தம். வலைக்காரர் கரையிலை நிண்டு என்ரை பரம்பரையையே தோண்டி எடுத்து ஏசினார். மச்சாள் இடுப்பளவு தண்ணியிலை எழும்பி நிண்டா. சோதினை அட்டை ஒரு கையிலை தலைக்கு மேலை, அது நனையேல்லை. மற்றக் கையிலை நோட்டுக் கொப்பி, அதுக்கை ரெண்டு இறால். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் சந்தோசம் பொறுக்கேலாமல் போச்சு. பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்திட்டன் எல்லோ!

வீட்டை வந்து தலை துவட்டிக்கொண்டிருக்க றேடியோவிலை சொல்லிச்சினம்: நிலைமை காரணமாய் வடக்கிலை சோதினை பிற்போடப்பட்டிருக்காம். எப்ப எண்டு பிறகு அறிவிப்பினமாம்.

மனுசி என்னைப் பாத்தா. நான் முகட்டைப் பாத்தன். மச்சாள் தலையிலை துவாயோடை அப்பிடியே இருந்திட்டா. அங்காலைக் கரையிலை மாமியும் அதே செய்தியைக் கேட்டிருப்பா எண்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ரெண்டு நாள் கழிச்சு ஆரோ சுத்தி வந்த ஆளிட்டை ஒரு வசனம் சொல்லி அனுப்பியிருந்தா: "நான் சொன்னனான்தானே."

அந்தக் கிழமை கிளப்பின்ரை பொதுக்கூட்டம். போட்டியை நாலரைக்கு மாத்தவேணும் எண்டு நான் பிரேரிச்சன். தபாலதிபர் காதிலை கையை வைச்சு முழுக்கக் கேட்டிட்டு, "உம்மடை மச்சாளின்ரை சோதினைக்கு என்ன நடந்தது?" எண்டார். ஒண்டுக்கு ஒண்டு வாக்கு. சரி சமனாய் வந்தால் கொமொடோருக்கு விசேஷ வாக்கு உண்டு. மாமியின்ரை முகம் நினைவுக்கு வந்தது. அந்த விசேஷ வாக்கை என்ரை பிரேரணைக்கு எதிராய்ப் போட்டுத் தோற்கடிச்சன்.

பாதை திறக்கேல்லை. பிற்போட்ட சோதினைக்குத் திகதி வந்தது, அதுவும் ஒரு திங்கள்தான். நாள் கிட்டக் கிட்ட மச்சாள் வாடத் தொடங்கினா. புத்தகம் மடியிலை, கண் வேலியிலை. சோத்தைப் பிசைஞ்சு வைச்சிட்டு எழும்பிப் போவா. ஒரு நாள் கிணத்தடியிலை வைச்சுக் கேட்டா: "அத்தான், அம்மா சொன்னது சரியோ? நான் அண்டைக்கு அந்த நேரத்திலை வந்ததுதான் பிழையோ?" ராகு பேப்பர் திருத்தான் எண்டு சொன்ன அதே பிள்ளை! வெள்ளிக்கிழமை மனுசியிட்டைச் சொன்னாவாம், இந்த முறையும் தவறத்தான் போகுது, அம்மாவைக் காணாமல் நான் போகமாட்டன், போய் என்ன செய்ய எண்டு. அண்டைக்கு அந்த நேரத்திலை கூட்டிவந்தவன் நான்.

ஞாயிறு திரும்பவும் படகை இறக்கினன். மாமியை நேரத்தோடை ஏத்தி நாலரைக்கு முதல் வந்திடவேணும் எண்டு இந்த முறை மத்தியானமே வெளிக்கிட்டனான். ஆனால் எதிர்பாராமல் கொஞ்சம் காத்து வந்திட்டுது. அந்தச் சந்தோசத்திலை பாயை விரிச்சுப் படகைத் திருப்பித் திருப்பி ஓட்டி, குறுக்குத் தடியாலை நாலைஞ்சு அடியும் வாங்கி, எங்கேயோ மேட்டிலை ஏத்தி, இறங்கித் தள்ளி, மண்டைதீவைக் காணேக்கை மணி நாலேகால். நடந்து வந்திருந்தால் ரெண்டு மணிக்கே வந்திருப்பன்.

கரையிலை இறங்கி மாமி வீட்டு வேலியிலை நிண்டு கூப்பிட்டன். மச்சாள் சாப்பிடுறாளில்லை, அம்மாவைக் காணாமல் சோதினைக்குப் போகமாட்டன் எண்டுறாள், நீங்கள் வந்தால்தான் சரி எண்டு மூச்சு வாங்கச் சொன்னன். மாமி விறுக்கெண்டு திரும்பி வீட்டுக்கை போனா. அழுகிறாவோ, பஞ்சாங்கம் பாக்கிறாவோ எண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிண்டன். ஆறு மணி மட்டும் பாக்கத்தான் வேணும், இருட்டிலை சுட்டால் சுடட்டும், மாமியோடை ராகு காலத்திலை மல்லுக்கட்ட என்னாலை ஏலாது எண்டு மனசைத் தேத்திக்கொண்டு படகடிக்கு வந்தன்.

மாமி எனக்கு முதலே தண்ணிக்கை நிண்டா. எந்த வேலிப் பொட்டாலை பூந்து வந்தாவோ தெரியாது. சீலையைத் தூக்கிச் செருகியிருந்தா, தலையிலை ஒரு சின்ன மூட்டை, ஒரு கை படகின்ரை விளிம்பிலை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், தம்பி? ஏத்துங்கோ."

"மாமி, இப்ப நாலரை. ராகு..."

"எனக்குத் தெரியாதே?" எண்டு ஒரு அதட்டல். "என்ரை பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டு ராகு காலம் கதைக்கிறியள். அதை விடக் கெட்ட நேரம் எனக்கு என்ன வரப்போகுது? தள்ளுங்கோ!"

தள்ளினன். சோளகம் வந்து பாயிலை விழுந்தது. மாமி முதலிலை கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தா. பாதிக் கடலிலை கண்ணைத் திறந்து, பாயைப் பாத்தா, தண்ணியைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"இந்தக் காத்தையே இவ்வளவு காலமும் விட்டிட்டு இருந்தனீங்கள்?"

"ஓம், மாமி."

"விசர்க் கூட்டம்."

அரியாலைக் கரையிலை மனுசியும் மச்சாளும் நிண்டினம். எங்கடை பாயைக் கண்டவுடனை மச்சாள் செருப்போடையே தண்ணிக்கை இறங்கியிட்டா. எனக்கு நிப்பாட்ட அப்பவும் தெரியாது. அதை மாமி பாத்துக்கொண்டு இருக்கேல்லை. படகு ஓட ஓடவே ஒரு காலைத் தூக்கிப் போட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணியை ரெண்டு கையாலையும் விலத்திக்கொண்டு மகளிட்டை நடந்தா. நானும் படகும் வழமையான சிறகுவலைக்கை போய்ச் சேர்ந்தம். வலைக்காரர் ஏசத்தான் வாயைத் திறந்தவர். தாயும் பிள்ளையும் தண்ணிக்கை நிண்டு கட்டிப்பிடிச்சு அழுகிறதைப் பாத்திட்டு வாயை மூடினார்.

மச்சாள் பாஸ் பண்ணி மிருக வைத்தியம் படிக்கப் போனா. இவ்வளவு காலம் அத்தானோடை இருந்து பழகினது உதவும்தானே எண்டு மனுசி சொன்னா. தொண்ணூறுக்குப் பிறகு கடலிலை படகு விடேலாது. கிளப்பும் போச்சு, கொட்டிலும் போச்சு. மிஞ்சின ஒரு படகை மாட்டுவண்டியிலை மானிப்பாய்க்குக் கொண்டுவந்து முருங்கைக்குக் கீழை கவிட்டு வைச்சன், கோழி அடையிறதுக்கு. மாமியும் தீவை விட்டு வந்து எங்களோடைதான். அவ பஞ்சாங்கத்தை விடேல்லை. உப்பு வாங்கவும் நேரம் பாப்பா. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களிலை வேலிப் பனையோலை சலசலக்கத் தொடங்க, குசினிக்கை இருந்து ஒரு குரல் வரும்.

"தம்பி, வெளியிலை வாங்கோ. உங்கடை காத்து வந்திட்டுது."